டிராவல்ஸ் தொடங்குகிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

குற்றாலத்தில் எந்த அருவியில் கூட்டம் குறைவு என்று தெரியும். திருச்செந்தூரில் நல்ல லாட்ஜ் தெரியும். வேன் வைத்திருக்கும் நண்பர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். இவ்வளவு இருந்தால் பயண ஆலோசகர் ஆகிவிடலாம் என்று நெல்லைச் சீமையில் பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் வண்ணார்பேட்டையில் ஒரு மாடி அறையைப் பிடித்து, போர்டு மாட்டி, சுழல் நாற்காலியும் வாங்கிப் போட்டேன். அந்த நாற்காலிக்குக் கொடுத்த பணத்தை மிச்சம் பிடித்து, ஒரு வருடம் வேறொருவர் அலுவலகத்தில் டிக்கெட் போடும் மேசையில் உட்கார்ந்திருக்கலாம்.

அப்படி உட்கார்ந்திருந்தால் பெயர் விஷயத்தில் அடி வாங்கியிருக்க மாட்டேன். நம் ஆட்களுக்குப் பெயரோடு ஒட்டியது தலைப்பெழுத்து. ஒரே மனிதர் பள்ளிச் சான்றிதழில் ‘சு. முருகன்’, ஆதாரில் ‘முருகன் சு’, பாஸ்போர்ட்டில் ‘முருகன் சுடலைமுத்து’ என்று இருப்பார். விமானத்துக்குப் பாஸ்போர்ட்டில் உள்ளது மட்டும்தான் பெயர். ஆலங்குளம் பக்கத்து அம்மாள் ஒருவர் மகளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் கிளம்பினார். மகன் வாட்ஸாப்பில் எழுதி அனுப்பிய பெயரை அப்படியே போட்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கவுன்ட்டரில் நிறுத்திவிட்டார்கள். பிரசவ மருந்தும் கருப்பட்டியும் கட்டிய அட்டைப்பெட்டியோடு அந்த அம்மாள் ஓரமாக நிற்க, நான் இங்கிருந்து தொலைபேசியில் மன்றாடிக்கொண்டிருந்தேன். திருத்தக் கட்டணம் என் கையிலிருந்து போனது. அன்றிலிருந்து பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் கண்ணால் பார்க்காமல் ஓர் எழுத்துகூடத் தட்டுவதில்லை.

கடைசிப் பக்கம் எதற்கு என்று கேட்கலாம். குடும்பப் பெயர் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட் இங்கே சர்வ சாதாரணம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்பதில்லை என்று அறிவித்தது. பிறகு, கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று தளர்த்தியது. இதைத் தெரியாமல் துபாய்க்கு டிக்கெட் போட்டால் பணம் காற்றில் போகும். பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதமாவது மிச்சம் இருக்கிறதா என்பதையும் அதே மூச்சில் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, தவறு என்பதைவிடப் படுகுழி என்றே சொல்வேன். மேலப்பாளையம், கடையநல்லூர் வட்டாரத்தில் வளைகுடா போகாத ஆள் இல்லாத தெரு அபூர்வம். “விசிட் விசா எடுத்துக் கொடுங்கள், அங்கே ஒரு வேலைக்கும் ஆளைப் பிடித்துக் கொடுங்கள்” என்று கேட்டு வருவார்கள். வரும் கமிஷன் ஒரு மாத டிக்கெட் வருமானத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப மத்திய அரசிடம் முறையாகப் பதிவு செய்திருக்க வேண்டும். டிராவல்ஸ் போர்டு அதற்கு உரிமம் ஆகாது. போனவர் அங்கே மாட்டிக்கொண்டால் அவர் குடும்பம் முதலில் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான்.

ரயில் டிக்கெட்டிலும் சட்டம் உண்டு. சொந்த உபயோகத்துக்கான ஐஆர்சிடிசி கணக்கில் டிக்கெட் எடுத்து, மேலே ஐம்பது நூறு வைத்து விற்பது ரயில்வே சட்டம் 143ஆவது பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். முகவர் உரிமம் வாங்கிவிட்டாலும் “தட்கலில் கட்டாயம் எடுத்துத் தருகிறேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 2025 ஜூலை முதல், தட்கல் திறக்கும் முதல் அரை மணி நேரத்துக்கு முகவர்கள் டிக்கெட் எடுக்க முடியாது. தீபாவளிக்கு முந்தின நாள் நெல்லை எக்ஸ்பிரஸில் அரை மணி நேரம் கழித்து என்ன மிஞ்சும்? முன்பதிவு 60 நாளைக்கு முன்பே திறக்கிறது. வாடிக்கையாளருக்கு அந்தத் தேதியை நினைவூட்டுவதுதான் நம் வேலை.

வண்டி விஷயம் சுருக்கமாக: நண்பருடைய வெள்ளை போர்டு காரை, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்த காரை, வாடகைக்கு அனுப்பாதீர்கள். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும்.

கூலி கேட்கக் கூசுவது இந்த ஊரின் நோய். விமான நிறுவனங்கள் கமிஷனைக் குறைத்து எத்தனையோ காலமாகிறது. சேவைக் கட்டணம் இவ்வளவு என்று முதலிலேயே சொல்லாமல், டிக்கெட் விலைக்குள் ஒளித்து வைத்தால் வாடிக்கையாளர்கள் கைபேசியில் பார்த்துவிட்டு உங்களைத் திருடன் என்பார்கள். சிங்கப்பூர் போகிறவர்கள் நிரப்ப வேண்டிய வருகை அட்டை அந்நாட்டு அரசு தளத்தில் இலவசம். நிரப்பித் தருவதற்குப் பணம் வாங்கினால் அது உங்கள் கூலி என்று சொல்லியே வாங்குங்கள். விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பாது என்பதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, தெரிந்த ஊர்தானே என்ற மெத்தனம். ஒரே நாளில் நவதிருப்பதியின் ஒன்பது பெருமாள் கோயில்களும் என்று அச்சடித்துவிட்டு, அதில் ஒன்றான ஸ்ரீவைகுண்டத்துக்குப் பகல் பன்னிரண்டரைக்குப் பயணிகளைக் கொண்டுபோய் இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நடை சாத்திய கோயில் வாசலில் வெயிலில் நிற்கும் பெரியவர்கள் மறுபடி உங்களிடம் வருவார்களா? குற்றாலமும் அப்படித்தான். போன வாரத்து வீடியோவைக் காட்டிச் சென்னைக் குடும்பத்தை வரவழைப்பார்கள். இரவு மலையில் கொட்டிய மழையில் வெள்ளம் வந்து பேரருவியில் குளிக்கத் தடை போட்டிருப்பார்கள். சீசன் மாதங்களில் காலை ஆறு மணிக்கு, அருவிக்கரை டீக்கடைக்காரர் ஒருவருக்குத் தொலைபேசியில் பேசிவிட்டுத்தான் டிரைவருக்குச் சொல்கிறேன். “இன்றைக்கு ஐந்தருவியில் மட்டும்தான் விடுகிறார்கள்” என்று அவர் சொன்னால், வண்டி தென்காசியைத் தாண்டும் முன்பே திட்டத்தை மாற்றிவிடலாம்.