பச்சைப்பிள்ளைக்கு மூச்சு நின்று நின்று வந்தால்: மூளைக்காய்ச்சலில் நடக்கும் தவறுகள்

காய்ச்சல் அடித்தால்தான் மூளைக்காய்ச்சல் (மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் தொற்று) என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சலே வராமல் போகலாம், கழுத்தும் விறைக்காமல் இருக்கலாம். பால் குடிக்காமல் துவண்டு கிடப்பதும் இடையிடையே மூச்சு நிற்பதும்தான் சிலவேளை முதலில் தெரியும். உடம்பு சில்லிட்டும் போகும். இலங்கை மலையகத்தில், நுவரெலியா, ஹட்டன் பக்கம் அதைப் பனியின் தலையில் போட்டு, இன்னொரு கம்பளியைச் சுற்றிவிடுவார்கள். கக்கத்தில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 37.5 பாகை செல்சியஸோ அதற்கு மேலோ காட்டினாலும், 35.5க்குக் கீழே இறங்கினாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மூச்சை எண்ணுவதிலும் பிசகுகிறது. தூக்கத்தில் 5 முதல் 10 செக்கன் மூச்சை நிறுத்தி, பிறகு வேகமாக இழுப்பது பச்சைப்பிள்ளைக்கு இயல்புதான், நிறம் மாறாத வரை. 20 செக்கன் நின்றால் அது வேறு விஷயம். அதைவிடக் குறைவாக நின்றாலும் முகம் வெளிறினால், நாக்கு நீலம் பாய்ந்தால் அதுவும் ஆபத்துதான். (குளிரில் கை கால் நீலமாவது சகஜம், அதனால் நாக்கைப் பாருங்கள்.) தோட்ட லயத்து வீட்டின் மங்கல் வெளிச்சத்தில் போர்வைக்கு மேலால் எதுவும் தெரியாது. லைட்டைப் போட்டு, சட்டையை உயர்த்தி, நெஞ்சும் வயிறும் தெரிய முழு 60 செக்கனும் எண்ணுங்கள். 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்கினால், மூச்சு நின்ற நேரமே கணக்கில் வராமல் போகலாம். பெரியவர்கள் விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவியை இதற்கு நம்பவே வேண்டாம்.

வலிப்பென்றால் கை கால் வெட்டி இழுக்கும் என்ற நினைப்பும் ஏமாற்றும். மூச்சு நிற்கும்போது கண் ஒருபக்கம் செருகினால், வாய் சப்புக்கொட்டினால், அது வலிப்பாக இருக்கலாம். மூச்சு நிற்பது மட்டுமே வலிப்பாக வருவதும் உண்டு. மூளையின் மின்பதிவில்தான் அது பிடிபடும். நாள்கணக்கில் ஒழுங்காக மூச்சுவிட்ட பிள்ளைக்குப் புதிதாக இப்படி வந்தால், குறைமாதத்தில் பிறந்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது, தொற்றைத் தேட வேண்டும்.

மூச்சு நின்றால் உள்ளங்காலைத் தட்டுங்கள், முதுகைத் தேய்த்துவிடுங்கள். உலுக்காதீர்கள். பால், தண்ணீர், வசம்பு எதையும் வாயில் விடாதீர்கள். அப்படியும் வராவிட்டால் மல்லாக்கக் கிடத்தி, தலையை நேராக வைத்து, வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, நெஞ்சு உயரும் அளவுக்கு மெதுவாக 5 தரம் ஊதுங்கள். அசைவே இல்லையென்றால் நடு நெஞ்சை இரண்டு கட்டைவிரலாலும் 4 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு 30 தரம் அமுக்கி, 2 தரம் ஊதி, விடாமல் தொடருங்கள். அதே நேரம் இன்னொருவர் 1990க்கு (இலங்கையின் இலவச அம்புலன்ஸ் இலக்கம்) அடித்து, வண்டி ஏறக்கூடிய ரோட்டில் போய் நிற்கட்டும். மூச்சு திரும்பிவிட்டதே என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள், மறுபடி நிற்கலாம்.

மிச்சமிருந்த அன்டிபயோட்டிக் பாணியை ஊட்டிவிட்டுப் போனால், ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி குத்தி எடுக்கும் நீரில் கிருமி வளராமல் போய், எந்தக் கிருமி என்பது தெரியாமலே போகலாம். அந்த ஊசிக்குப் பயந்து கையெழுத்துப் போட மறுப்பவர்களும் உண்டு. முண்ணாண் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு) முடியும் இடத்துக்குக் கீழேதான் அதைக் குத்துவார்கள். மூச்சு நிலையில்லாததால் டாக்டர்மார் ஊசியைத் தள்ளிப்போட்டாலும், ஆஸ்பத்திரியில் கொடுக்கும் அன்டிபயோட்டிக் மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.