'கெட் அவுட்' சொல்வதற்கு முன்னால்: கல்லூரி வகுப்பில் நாம் செய்யும் தவறுகள்

கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சீனியர்கள் எல்லோரும் ஒரே அறிவுரையைத்தான் சொல்கிறார்கள்: "முதல் நாளே டைட்டா இருந்துடுங்க, இல்லேன்னா தலைமேல ஏறி உட்கார்ந்துடுவாங்க." எனக்கும் அதைத்தான் சொன்னார்கள், நானும் நம்பினேன். கலை அறிவியல் கல்லூரியில் 14 வருடம் வகுப்பெடுத்துவிட்டுச் சொல்கிறேன், என் வகுப்பில் நடந்த பெரிய சண்டைகளில் பாதிக்கு மேல் நான் ஆரம்பித்து வைத்தவை.

ஒன்றைச் சொல்கிறேன். பி.காம் இரண்டாம் ஆண்டு, காலை முதல் ஹவர். கடைசி பெஞ்சில் ஒரு பையன் டெஸ்க் மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். "இதென்ன லாட்ஜா?" என்று கேட்டேன், வகுப்பே சிரித்தது. எழுந்து நின்று ஏதோ முணுமுணுத்தான். "என்ன சொன்ன? சத்தமா சொல்லு" என்றேன். நான் செய்த தப்பு இதுதான். 64 பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது 19 வயசுப் பையனால் "ஒண்ணுமில்ல சார், சாரி" என்று இறங்கிப் போக முடியாது, அப்படிப் போனால் மத்தியானம் கேன்டீனில் அவனை ஓட்டித் தீர்த்துவிடுவார்கள். "நீங்க நடத்துறது தூக்கம் வருது சார்" என்றான். நான் "கெட் அவுட்" என்றேன். பையைத் தூக்கிக்கொண்டு போனவன் அதற்கப்புறம் என் ஹவருக்கு வரவே இல்லை. செமஸ்டர் முடிவில் அட்டெண்டன்ஸ் குறைந்தவர்கள் பட்டியல் போடும்போதுதான் அவனுடைய நண்பன் வந்து சொன்னான்: முகூர்த்த நாளானால் கேட்டரிங் வேலைக்குப் போவானாம், மண்டபத்தில் பந்தி முடிந்து பாத்திரமெல்லாம் வண்டியில் ஏற்றி வீட்டுக்குப் போக ராத்திரி 2 மணி ஆகிவிடுமாம்.

தூங்குவதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எல்லோர் முன்னாலும் வைத்துக் கேட்டதுதான் தவறு. நாம் கேள்வி கேட்ட உடனே அங்கே பாடம் போய், யார் ஜெயிப்பது என்கிற போட்டி வந்துவிடுகிறது, அதில் அந்தப் பையனுக்கும் மானப் பிரச்சினை, நமக்கும் மானப் பிரச்சினை. அடுத்த வருடம் வேறொரு பையன் இதேபோல் தூங்கினான். பாடத்தை நிறுத்தாமல் பேசிக்கொண்டே அவன் பெஞ்ச் பக்கம் போய், தோளைத் தட்டி, "முகம் கழுவிட்டு வா" என்று அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். மூன்று நிமிடத்தில் ஈர முகத்தோடு வந்து நோட்டைத் திறந்தான். பக்கத்து பெஞ்சுக்குக்கூட ஒன்றும் தெரியாது.

ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் பள்ளி வகுப்பறைகளை வீடியோ எடுத்து ஆராய்ந்து 1970-ல் ஒரு முடிவைச் சொன்னார். சேட்டை நடந்தபின் எப்படிக் கண்டிக்கிறார்கள் என்பதில் நல்ல ஆசிரியர்களுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, சேட்டை ஆரம்பிக்க இடம் கொடுக்காமல் வகுப்பை நடத்திக்கொண்டு போவதில்தான் வித்தியாசம் இருந்தது. நம் கல்லூரிகளுக்கும் இது அப்படியே பொருந்துகிறது. அட்டெண்டன்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்புக்குள் நுழைந்ததும் குனிந்துகொண்டு 64 பெயரை வரிசையாகப் படிக்கிறோம், பெயர் கூப்பிடப்பட்டவனுக்கு ஒரு வேலையும் இல்லை, பேசத்தான் செய்வான். பத்து நிமிடம் கழித்து "சைலன்ஸ்!" என்று மேஜையைத் தட்டுகிறோம். அதற்குப் பதில், உள்ளே வந்ததும் போர்டில் ஒரு சின்னக் கணக்கோ கேள்வியோ எழுதிப் போட்டுவிட்டு, அவர்கள் எழுதும்போது நடந்துகொண்டே அட்டெண்டன்ஸ் எடுங்கள், முகத்தைப் பார்த்து எடுப்பதால் பிராக்ஸியும் (வராதவனுக்காக இன்னொருவன் குரல் கொடுப்பது) குறையும்.

சத்தம் போடுகிறவர்களைத் திமிர் பிடித்தவர்கள் என்று முடிவு கட்டுவதும் ஒரு தவறு. பன்னிரண்டு வருடம் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் மட்டும் ஒரு மணி நேரம் பேசினால் என்ன புரியும்? புரியாதவன் கொஞ்ச நேரம் சும்மா இருப்பான், அப்புறம் பக்கத்தில் பேசுவான், அப்புறம் போனை எடுப்பான். நடத்தப்போகும் கருத்தைத் தமிழில் ஒரு தடவை சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்குப் போங்கள், பாதிச் சத்தம் தானாக அடங்கும்.

இன்டர்னல் மார்க்கில் (கல்லூரியிலேயே நாம் போடும் மார்க்) கை வைப்பேன் என்று மிரட்டுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கலை அறிவியல் படிப்புகளில் பெரும்பாலும் இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. அந்த 25 அவனுடைய படிப்புக்கானது, நம் கோபத்துக்கானது இல்லை. சொன்னதைச் செய்தால் அநியாயம், செய்யாவிட்டால் அடுத்த முறை நாம் சொல்வதை யாரும் மதிக்க மாட்டார்கள். நாலு பேர் கத்தியதற்கு மொத்த வகுப்புக்கும் அட்டெண்டன்ஸ் கிடையாது என்பதும் இப்படித்தான், அதுவரை நம் பக்கம் இருந்த 60 பேரும் அந்த நாலு பேர் பக்கம் போய்விடுவார்கள்.

"நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா" என்பதை நான் இப்போது ரொம்ப யோசித்துத்தான் சொல்கிறேன். கட்டட வேலைக்குப் போகிற ஒருவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து, ஹெச்.ஓ.டி (துறைத் தலைவர்) அறை வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டு, மகன் செய்த ஒரு சின்னத் தப்புக்காகக் கைகட்டி நின்றதைப் பார்த்திருக்கிறேன். மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். முதலில் வராந்தாவில் அவனோடு தனியாகப் பேசுங்கள். "ஏன் இப்படிப் பண்ற?" என்று கேட்டால் பதில் வராது, "இன்னைக்கு என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். இரண்டு மூன்று முறை பேசியும் சரிவரவில்லை என்றால் வகுப்பு ஆலோசகரிடம் போகலாம், வீட்டுக்குச் சொல்வது அதற்கப்புறம்.

ஆனால் எல்லாவற்றையும் தனியாகப் பேசித் தீர்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். சாதியைச் சொல்லி ஒருவன் இன்னொருவனைக் கிண்டல் செய்தால் அந்த இடத்திலேயே, எல்லோர் முன்னாலும் நிறுத்த வேண்டும், ஏனென்றால் காயப்பட்ட பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்து நாம் என்ன செய்கிறோம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. மாணவிகளிடம் தவறாக நடந்துகொண்டால் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போக வழிகாட்டுங்கள், "படிக்கிற பையன், மன்னிச்சு விடும்மா" என்று நாமே பஞ்சாயத்து செய்யக் கூடாது. ராகிங்குக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1997-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது, 1800-180-5522 உதவி எண்ணும் உண்டு. குடித்துவிட்டு வந்தாலோ, அடிக்க வந்தாலோ தனியாளாகச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், பக்கத்து வகுப்பு ஆசிரியரைக் கூப்பிடுங்கள். தேதி, நேரம், யார் என்ன சொன்னார்கள் என்பதை அன்றைக்கே எழுதி ஹெச்.ஓ.டி-யிடம் கொடுங்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பின்பும் ஒரு நாள் வாய் தவறிவிடும். எனக்குப் போன செமஸ்டரில்கூட நடந்தது. அப்படி நடந்தால் அந்தப் பிள்ளையை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டு ரகசியமாக "சாரி" சொல்லாதீர்கள். மறுநாள் அதே வகுப்பில், அதே 64 பேர் முன்னால், "நேத்து நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, தப்பு என்மேலதான்" என்று சொல்லிவிட்டு நேராகப் பாடத்துக்குப் போய்விடுங்கள்.