அப்பை அழித்தால் மட்டும் போதாது

திருகோணமலையில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இலவசச் சோதனைக் காலத்துக்கென்று அம்மாவின் வங்கி அட்டை இலக்கத்தைக் கொடுத்துவிட்டு, அப்புறம் அப்பை மட்டும் அழித்துவிடுகிறார்கள். சந்தா நிற்காது, காசு மாதாமாதம் போகும்.

பிளே ஸ்டோரில் மேல் மூலையிலுள்ள உங்கள் படத்தைத் தட்டி, கொடுப்பனவுகளும் சந்தாக்களும் என்ற பகுதிக்குள் போய் ரத்துச் செய்யுங்கள். ஐபோன் என்றால் சோதனைக் காலம் முடிய 24 மணித்தியாலத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும். இணையத்தளத்தில் பதிந்த சந்தாவை அங்கேயேதான் ரத்துச் செய்ய வேண்டும்.

ரத்தானதைக் காட்டும் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எனக்கு இதுதான் முக்கியம். பிறகும் காசு வெட்டினால், போனில் சண்டை பிடிக்காமல் திகதி, தொகை, ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் வைத்து, காசு எடுத்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். "சரி, பார்க்கிறோம்" என்றால் முறைப்பாட்டு இலக்கம் கேளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் உங்கள் வங்கிக் கிளையில் அந்தக் கொடுப்பனவை மறுத்து எழுத்தில் கொடுங்கள்.