மலை ஏறும்போது வண்டி திணறுகிறதா? மேப்பில் கை வைக்கும் முன் இதைப் பாருங்கள்: ஃபியூயல் ட்யூனரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடிவாரம் வரை சொன்னபடி கேட்ட பைக், ஏழெட்டு கொண்டை ஊசி வளைவு ஏறியதும் இழுக்க மறுக்கும். ஃபியூயல் ட்யூனர் (என்ஜினுக்குப் போகும் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சின்னப் பெட்டி) மாட்டியவர் ஓரங்கட்டி, போனை எடுத்து, மேப்பில் (என்ஜின் வேகத்துக்கும் ஆக்ஸிலரேட்டர் திருகலுக்கும் ஏற்ப எத்தனை சதவீதம் கூட்டுவது, குறைப்பது என்று கட்டம் கட்டமாகச் சொல்லும் அட்டவணை) 5 சதவீதம் பெட்ரோலைக் கூட்டிவிடுவார். ஏற்காடு சாலையில் செய்யக்கூடாத முதல் தவறு இதுதான்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே குளிராக இருந்தாலும் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். காற்று குறைந்தால் பெட்ரோலும் குறைய வேண்டும். வண்டியோடு வந்த இசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), காற்றழுத்த சென்சாரைப் பார்த்து அதைத் தானே குறைத்துக்கொள்ளும். நீங்கள் கூட்டிய 5 சதவீதம் அதன் மேல் போய் உட்காரும். பிக்கப் இன்னும் மந்தமாகும், பிளக் கரி பிடிக்கும், மைலேஜ் விழும். உயரத்தில் போன பவரை எந்த மேப்பும் திருப்பித் தராது. ஒரு கியர் இறக்கி ஓட்டுங்கள், அவ்வளவுதான்.

உண்மையிலேயே கோளாறு இருக்கிறது என்று தோன்றினால், முதலில் ட்யூனரைக் கழற்றுங்கள். பலர் இதைக் கடைசியாகச் செய்கிறார்கள், அல்லது செய்வதே இல்லை. சாவியை ஆஃப் செய்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ட்யூனரின் கப்ளர்களை (ஒயர்களைச் சேர்க்கும் பிளக்குகளை) எல்லாம் பிரித்து, பழைய கப்ளரையே இன்ஜெக்டரிலும் (பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்) சென்சார்களிலும் மாட்டுங்கள். அதே ரோட்டில், அதே கியரில் ஒரு சுற்று ஓட்டுங்கள். கோளாறு அப்படியே இருந்தால் அது வண்டியின் கோளாறு: ஏர் ஃபில்டர், பிளக், பம்ப் அழுத்தம் (பல வண்டிகளில் 3 பார் அளவு) என்று அந்தப் பக்கம் தேடுங்கள். கோளாறு போய்விட்டால் ட்யூனரை மறுபடி மாட்டி, எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் போட்ட மேப்பில் ஓட்டிப் பாருங்கள். பூஜ்யத்திலும் திணறினால் ஒயரிங்கிலோ ட்யூனரிலோ கோளாறு. உங்கள் மேப்பைப் போட்ட பிறகுதான் திணறுகிறது என்றால் மட்டும் மேப்பைத் திறக்கலாம். இந்த மூன்று ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் கூட ஆகாது.

ஒயரிங்கில் எர்த்தை முதலில் சந்தேகியுங்கள். பெயிண்ட் அடித்த ஃபிரேம் போல்ட்டில் எர்த் கொடுப்பது சுலபம், பிறகு அதுவே தலைவலி. ட்யூனரின் கறுப்பு ஒயர் நேராகப் பேட்டரி நெகட்டிவுக்குப் போக வேண்டும். என்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையை ட்யூனரின் எர்த் ரிங்கிலும் மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைப்பு சரியில்லை. கூடவே பேட்டரியையும் பாருங்கள்: நின்ற நிலையில் 12.6 வோல்ட் அளவு இருக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டர் கொடுத்துப் பிடித்தால் 13.5க்கும் 14.5க்கும் நடுவே நிற்க வேண்டும்.

முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட் சேலம் வெயிலுக்குத் தாங்காது. சீட்டுக்கு அடியில் பசை இளகி டேப் நழுவிவிடும். சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். மலைப் பனியிலும் வாட்டர் சர்வீஸிலும் நனையும் கப்ளர்களின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும்.

வளைவில் மட்டும் மிஸ்ஸிங் வருகிறதா? வண்டியை நியூட்ரலில் ஸ்டாண்டில் நிறுத்தி, ஐட்லிங்கில் விட்டு, ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். சத்தம் மாறினால் கழுத்துப் பகுதியில் ஏதோ ஒரு ஒயர் இழுபடுகிறது. ஹேண்டிலில் மேப் மாற்றும் சுவிட்ச் வைத்தவர்கள் அந்த ஒயரைத்தான் முதலில் தடவிப் பார்க்க வேண்டும்.

த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டர்) அளவை ட்யூனரில் பதிய மறப்பது இன்னொரு தவறு. சாவி ஆன், என்ஜின் ஆஃப். முழுதாக மூடிய நிலையையும் முழுதாகத் திருகிய நிலையையும் ட்யூனருக்குக் காட்டிச் சேமிக்க வேண்டும். கேபிளை டைட் செய்தாலோ த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தாலோ மறுபடியும் பதியுங்கள். இல்லையென்றால் நீங்கள் முழுதாகத் திருகியும் ட்யூனர் 85 சதவீதக் கட்டத்தையே படித்துக்கொண்டிருக்கும்.

இனி மேப். ஐட்லிங்கில் 10 சதவீதம் கூட்டினால் 10 சதவீதம்தான் கூடும் என்று நினைக்காதீர்கள். அங்கே இன்ஜெக்டருக்கு வரும் பல்ஸ் (அதைத் திறக்கச் சொல்லும் மின் துடிப்பு) 2 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட் ஊசி நகரவே போய்விடும். மொத்தப் பல்ஸையும் நீட்டும் ட்யூனர் 0.2 மில்லிசெகண்ட் சேர்த்தால், உண்மையில் கூடுவது 20 சதவீதம். கீழ்க்கட்டங்களில் ஒன்றிரண்டு சதவீதமாகத்தான் நகர வேண்டும்.

சைலன்சர் பைப்பில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் வேலை செய்யும் கட்டங்களில் நீங்கள் கூட்டியதை இசியூ திரும்பக் குறைக்கப் பார்க்கும். அந்தச் சென்சாருக்கான இணைப்பு ட்யூனரோடு வந்திருந்தால் அதை மாட்டுங்கள். சென்சார் கப்ளரைச் சும்மா தொங்கவிட்டால் செக் லைட் எரியும். முழு த்ராட்டிலுக்கு வைட்பேண்ட் மீட்டரில் (புகையை வைத்துக் கலவையை அளக்கும் கருவி) லாம்டா (காற்று-பெட்ரோல் கலவையின் அளவு; 1 என்றால் சரியான கலவை, அதற்குக் கீழே பெட்ரோல் அதிகம்) 0.86 முதல் 0.90 வரை வந்தால் போதும். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருந்தாலும் லாம்டா கணக்கு மாறாது. சுத்த பெட்ரோலுக்குப் போட்ட பழைய மேப் மட்டும் அதில் லீனாக (பெட்ரோல் குறைவாக) காட்டும்.

இறக்கத்தில் த்ராட்டிலை மூடியதும் சைலன்சரில் பட்டாசு வெடித்தால் மேப்பைத் திட்டாதீர்கள். இன்ஜின் பிரேக்கில் இசியூ பெட்ரோலையே நிறுத்திவிடும் நேரத்தில், பல்ஸை நீட்டுவதை மட்டுமே செய்யும் ட்யூனருக்கு நீட்ட ஒன்றுமில்லை. காற்றுக் கசிவைத் தேடுங்கள்: என்ஜின் ஆறியதும் சைலன்சர் பெண்ட் பைப் சேரும் இடத்தில் சோப்பு நுரை தடவி ஸ்டார்ட் செய்யுங்கள். நுரை குமிழ்ந்தால் கேஸ்கெட்டை மாற்றுங்கள். சிலர் ஊதுபத்தி காட்டிப் பார்ப்பதும் உண்டு, டேங்குக்குப் பக்கத்தில் அது வேண்டாம்.