43 உறைகளில் ஓர் ஆண்டு

வீட்டுக்குள் வரும் தாள் பலவற்றுக்கும் ஒரு நாள் குறிக்கப்பட்டிருக்கும். பத்திரிகைக்கு முகூர்த்த நாள், வாகனக் காப்பீட்டுக்கு முடிவு நாள், மருத்துவரின் சீட்டுக்கு மறுபரிசோதனை நாள். இவற்றை மனத்தில் வைத்துக்கொள்ள முயல்வது வீண் வேலை என்பதை, உடன் பணிபுரிந்தவர் மகளின் திருமணப் பத்திரிகை, மூலைகளில் தடவிய மஞ்சள் காய்ந்த நிலையில், திருமணம் முடிந்த மூன்றாம் நாள் குளிர்பதனப் பெட்டியின் மேலிருந்து கிடைத்தபோது உணர்ந்தேன். அன்றிலிருந்து, ஒவ்வொரு தாளையும் அதைக் கவனிக்க வேண்டிய நாளுக்கான உறையில் (நாள் தொலைவில் இருந்தால் அந்த மாதத்துக்கான உறையில்) போட்டுவைக்கும் உறை முறைக்கு மாறிவிட்டேன்.

ஏ4 தாள் மடியாமல் நுழையும் பழுப்பு உறைகள் 43, அவை நிமிர்ந்து நிற்க ஓர் அட்டைப்பெட்டி, இவ்வளவுதான் தேவை. 31 உறைகளில் 1 முதல் 31 வரை எண்களையும், எஞ்சிய 12 உறைகளில் மாதப் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். இன்று ஆகஸ்ட் 10 என்றால், பெட்டியின் முன்பக்கம் 10 முதல் 31 வரையிலான உறைகளும், அவற்றையடுத்துச் செப்டம்பர் உறையும், அதன் பின் 1 முதல் 9 வரையும், பிறகு அக்டோபர் தொடங்கி மற்ற மாதங்களும், கடைசியில் ஆகஸ்டும் நிற்க வேண்டும். அன்றன்றைய உறையைக் காலி செய்து, செப்டம்பருக்குப் பின்னுள்ள எண்களோடு சேர்த்துவிட வேண்டும். மாதக் கடைசியில் அடுத்த மாத உறையைப் பிரித்து, உள்ளிருப்பவற்றை நாள்வாரியாகப் பங்கிட வேண்டும். காலையில் தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கும் கையோடு உறையையும் எடுப்பது என்று வைத்துக்கொண்டால் பழக்கம் எளிதில் படியும்.

பலர் தவறுவது நாளைத் தேர்வதில்தான். தாளில் அச்சிட்ட கடைசித் தேதிக்கான உறையில் போடக் கூடாது. வேலையைத் தொடங்க வேண்டிய நாளுக்கான உறையில்தான் போட வேண்டும். வாகனக் காப்பீடு முடிந்து 90 நாள் கடந்தால் நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் கட்டணத் தள்ளுபடி) பறிபோகும் என்பதால், அந்தத் தாளை முடிவு நாளுக்கு மூன்று வாரம் முன்னதாகவே வைக்கிறேன். ரயில் முன்பதிவு பயண நாள் நீங்கலாக 60 நாள் முன்பு திறக்கிறது. ஜனவரி 13 அன்று ஊருக்குப் புறப்பட நவம்பர் 14 காலை 8 மணிக்கே உட்கார வேண்டும் என்பதால், ‘பொங்கல் டிக்கெட்’ என்று எழுதிய துண்டுச்சீட்டு எங்கள் வீட்டில் நவம்பர் 13-ஆம் நாளின் உறைக்குப் போகும்.

மணிக்கணக்கோடு வரும் சந்திப்புகளைக் கைப்பேசி நாட்காட்டியில் குறியுங்கள். ஒரே செய்தியை இரண்டு இடத்திலும் எழுதினால் ஒன்றில் தேதியை மாற்றிவிட்டு மற்றதை மறப்பீர்கள்.

வெளியூர் செல்லும் முன் அந்த நாட்களின் உறைகளைப் பிரித்துப் பார்ப்பதும் அவசியம். ஒருமுறை நான் அதைச் செய்யாமல் போய்த் திரும்பியபோது நான்கு உறைகள் அப்படியே நின்றன; இரண்டாவதில் அபராதமின்றிக் கட்டும் நாள் முந்தைய தினமே முடிந்திருந்த மின்கட்டணச் சீட்டு இருந்தது.