காசு மாற்றும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

போன முறை திருச்சிக்குக் கிளம்புவதற்கு முதல் வாரம், மலேசியாவில், கெடா பீடோங்கில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போயிருந்தேன். அலமாரியிலிருந்து பழைய மைலோ டின் ஒன்றை எடுத்து என் முன்னால் கவிழ்த்தார். ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு இந்திய ரூபாய்.

"ஒவ்வொரு தடவையும் மிஞ்சினது ஐயா. எடுத்துக்க. ஒனக்கு மாத்துற செலவு மிச்சம்."

எண்ணிப் பார்த்தேன். பழைய 500 ரூபாய்த் தாள் பதினொன்று, பழைய 1,000 நான்கு, அடியில் மடித்த 2,000 ஒன்று. பழைய 500-ம் 1,000-ம் 2016 நவம்பர் 8 இரவோடு செல்லாமல் போனவை. 2,000 தாளை 2023 மே மாதம் ரிசர்வ் வங்கி புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டது. சென்னை மாதிரி ஊர்களில் இருக்கும் ரிசர்வ் வங்கி அலுவலகத்தில்தான் அதற்கு வழி. டீக்கடையில் நீட்டினால் சிரிப்பார்கள். ஆக 9,500 ரூபாய் வெறும் காகிதம். பெரியம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "இருக்கட்டும் பெரியம்மா, அங்க பார்த்துக்கிறேன்" என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நம் மலேசியாவிலேயே 500 வெள்ளி (ரிங்கிட்), 1,000 வெள்ளித் தாள்கள் 1999 ஜூலை 1-ஆம் தேதி செல்லாமல் போனதைப் பார்த்தவர்தான் அவர். வெளிநாட்டுக் காசுக்கும் அந்தக் கதி வரும் என்று நினைக்கவில்லை.

எந்தக் கடையில் ரேட் நல்லது என்று அலைவோம். மிச்சமாகத் திரும்பி வரும் காசில் எவ்வளவு போகிறது என்று பார்ப்பதில்லை. மணி சேஞ்சர் பலகையில் ஒவ்வொரு காசுக்கும் இரண்டு விலை இருக்கும்: அவர் நம்மிடம் வாங்கும் விலை, நமக்கு விற்கும் விலை. 'கமிஷன் இல்லை' என்று எழுதியிருந்தால் இனாமாகச் செய்கிறார் என்று அர்த்தமில்லை. இரண்டு விலைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் அவர் கூலி. ரூபாய், பாட், யென் எல்லாம் பெரும்பாலும் 100-க்கு இவ்வளவு வெள்ளி என்றே போட்டிருப்பார்கள். கணக்கு சுலபமாக இருக்கட்டும்: 100 ரூபாய் விற்கும் விலை 5 வெள்ளி, வாங்கும் விலை 4.60 என்று வைத்துக்கொள்வோம். 1,000 வெள்ளி கொடுத்தால் 20,000 ரூபாய். அதில் 6,000 செலவாகாமல் திரும்பி வந்தால், 300 வெள்ளிக்கு வாங்கியதை 276-க்கு விற்கிறோம். டின்னில் போட்டால் அந்த 276-ம் சந்தேகம்.

போனில் கூகுள் காட்டும் ரேட்டைக் காட்டி, காசு மாற்றும் பாயிடம் சண்டை போடுகிறவர்களும் உண்டு. அது வங்கிகள் பெரிய தொகைக்குத் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நடு விலை. கையில் தாளாக அந்த விலைக்கு யாரும் தர மாட்டார்கள். கடை விலை அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளக்க மட்டும் அது உதவும்.

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை: காசு மாற்ற வேண்டுமென்றால் பாலம் தாண்டி பினாங்கு லிட்டில் இந்தியாவுக்குத்தான் போக வேண்டும். அங்கே அடுத்தடுத்து கடைகள், போட்டியும் உண்டு, அதனால் ரேட் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 500 வெள்ளி மாற்றப் போகிறவருக்கு 100 ரூபாய் 5 வெள்ளிக்குப் பதில் 4.95-க்குக் கிடைத்தால், கூடுதலாக வருவது சுமார் 100 ரூபாய், அதாவது 5 வெள்ளி. காருக்குப் பாலத்து டோல் மட்டுமே 5.74 வெள்ளி. பெட்ரோலும் பார்க்கிங்கும் நாசி கண்டாரும் தனி. சுங்கை பட்டாணியிலேயே மாற்றிவிட்டு வீட்டுக்கு வந்து தூங்கலாம். குடும்பம் முழுக்கச் சேர்ந்து 4,000 வெள்ளி மாற்றினால் கதை வேறு. அதே வித்தியாசம் 40 வெள்ளியாகிறது. அப்போது போங்கள். "பாய், மொத்தமா மாத்துறேன், பார்த்துப் போடுங்க" என்று வாய் திறந்து கேளுங்கள். பலகை விலையிலிருந்து கொஞ்சம் இறங்கி வருவார்கள். கேட்காதவருக்கு இறங்குவதில்லை.

எங்கே மாற்றினாலும் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் உள்ள கடையா என்று பாருங்கள், ரசீது வாங்குங்கள், கண்ணாடிக்கு முன்னாலேயே எண்ணுங்கள். "பின்னால நிக்கிறவங்க பார்க்கிறாங்களே" என்று கூச்சப்பட்டு வெளியே வந்து எண்ணினால், குறைந்தது குறைந்ததுதான்.

இந்தியாவுக்குப் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து விமானத்தில் போகிறவர் தலைக்கு 25,000 ரூபாய்க்கு மேல் இந்தியத் தாள் கொண்டுபோகக் கூடாது. கல்யாணச் செலவுக்கு என்று கூட்டுப் பணம் எடுத்து மொத்தத்தையும் ரூபாயாகக் கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தேவையில்லாத வம்பு. மீதியை வெள்ளியாகவே கொண்டுபோய், விமான நிலையத்தில் மாற்றாமல் ஊருக்குள் மாற்றலாம். சென்னையிலும் திருச்சியிலும் நம் வெள்ளிக்கு நல்ல கிராக்கி. ஆனால் தினம் 100, 200 வெள்ளியாக மாற்றாதீர்கள். அங்கே ஒவ்வொரு முறைக்கும் ஜிஎஸ்டி உண்டு, எவ்வளவு சின்னத் தொகையானாலும் குறைந்தது 45 ரூபாய். ஐந்து முறை போனால் 225 ரூபாய், ஒரு நல்ல சாப்பாடு. அங்கே தரும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். கிளம்பும்போது மிச்ச ரூபாயைத் திரும்ப மாற்ற அதைக் கேட்பார்கள்.

'வெள்ளி ஏறட்டும், அப்புறம் மாத்தலாம்' என்று காத்திருப்பது எங்கள் அண்ணன்மார்களின் வியாதி. 1998 செப்டம்பரிலிருந்து 2005 ஜூலை வரை ஒரு அமெரிக்க டாலர் 3.80 வெள்ளி என்று கட்டிவைத்திருந்தார்கள். அதைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு இன்றும் 3.80 தான் நியாய விலை, மற்றதெல்லாம் அநியாயம். 2024 பிப்ரவரியில் டாலர் 4.80 வரை போனது. அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் 4.12 பக்கம் வந்தது. இன்னும் இறங்கும் என்று காத்திருந்தவர்கள், ஆண்டு முடிவதற்குள் அது மறுபடி 4.40-ஐத் தாண்டியதைப் பார்த்தார்கள். டிக்கெட் எடுத்ததும் பாதி, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு மீதி என்று மாற்றிவிடுவேன். லாபமும் பாதி, நஷ்டமும் பாதி, தூக்கம் முழுசு.

கார்டு விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். தி.நகரில் ஒரு துணிக்கடை, மைத்துனி கல்யாணத்துக்குப் புடவைகள், பில் 18,600 ரூபாய். கார்டைச் சொருகியதும் மெஷினில் இரண்டு வரி வந்தது: ஒன்று ரூபாயில், ஒன்று ரிங்கிட்டில். "சார், உங்க ஊர் காசுலயே போட்டுடறேன், உங்களுக்கு ஈஸியா இருக்கும்" என்று கல்லாவில் இருந்த தம்பி தானே அமுக்கிவிட்டார். ஈஸியாகத்தான் இருந்தது. அன்றைய விலைக்கு 930 வெள்ளி ஆக வேண்டியது, ரசீதில் 980 சொச்சம். என் வங்கி தன் கட்டணத்தையும் சேர்த்து மாற்றியிருந்தால்கூட 950-ஐத் தாண்டியிருக்காது. ரிங்கிட்டைத் தேர்ந்தால் அந்த மெஷின்காரர் வைத்ததுதான் விலை. எந்த நாட்டில் இருக்கிறீர்களோ அந்த நாட்டுக் காசையே அமுக்கச் சொல்லுங்கள். தவறாக அமுக்கிவிட்டால் அங்கேயே ரத்து செய்து மறுபடி போடச் சொல்லலாம். நான் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், அதே பதில்தான்.

கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட மறக்காதீர்கள். மூடிக்கிடந்தால் எவ்வளவு பணம் இருந்தும் கார்டு வெறும் பிளாஸ்டிக்.

எல்லை தாண்டி தாய்லாந்தின் ஹாட்ஞாய் போகிறவர்களுக்கு இவ்வளவு தலைவலி இல்லை. நம் வங்கிச் செயலியில் ஸ்கேன் செய்து பணம் கட்டும் டுயிட்நவ் கியூஆர், தாய்லாந்தில் அதே மாதிரி இருக்கும் புரோம்ட்பே கியூஆரையும் ஸ்கேன் செய்யும். சிங்கப்பூரிலும் இந்தோனேசியாவிலும் இப்படி உண்டு. தாய்லாந்து ஏடிஎம்மில் எடுத்தால் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒரு முறைக்கு 220 பாட் அளவில் பிடித்துக்கொள்வார்கள். 1,000 பாட் எடுக்க 220 கொடுப்பதைவிட, எல்லைக்கு முன் சங்லூனில் கொஞ்சம் தாள் மாற்றிக்கொண்டு மற்றதை ஸ்கேன் செய்யலாம். எல்லையைத் தாண்டியதும் வரும் டானோக் கடைகளில் வெள்ளியையே வாங்குவார்கள், கடைக்காரர் வாயில் வந்த ரேட்டுக்கு.

திருச்சியில் கடைசி நாள் காலை, கையில் 3,400 ரூபாய் இருந்தது. ஆட்டோவுக்கும் காப்பிக்கும் 600 எடுத்து வைத்துவிட்டு, ஹோட்டல் பில்லுக்கு மீதித் தாளை முதலில் கொடுத்தேன். குறைந்ததை மட்டும் கார்டில், ரூபாயில். வீடு வந்து சேர்ந்தபோது பையில் இருந்தது இரண்டு 20 ரூபாய்த் தாளும், பெரியம்மாவின் அந்தக் கட்டும்.