பேப்பரில் பேர் வந்தாச்சு, அடுத்து?

என் இரண்டாவது ஆல்பத்துக்குத்தான் முதன்முதலாக ஒரு விமர்சனம் வந்தது. ஒரு இசை இணையதளத்தில், நாலே பத்தி. காலையில் பல்கூடத் துலக்காமல் ஆறு முறை படித்தேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் போட்டேன். நெருப்பு எமோஜியாக வந்து குவிந்தது. 24 மணி நேரத்தில் ஸ்டோரி மறைந்தது. அந்த விமர்சனத்தை வைத்து நான் செய்த வேலை அத்தோடு சரி.

மிச்சக் கதை மெதுவாகத்தான் தெரிந்தது. விமர்சனத்தின் அடியில் கொடுத்திருந்த லிங்க் என் பழைய பக்கத்துக்குப் போகிறது. இடையில் நான் யூசர்நேமை மாற்றித் தொலைத்திருந்தேன். ஆசையாகக் கிளிக் பண்ணினவர்களுக்கு ‘இந்தப் பக்கம் இல்லை’ என்று வந்திருக்கிறது. எட்டு மாதம் கழித்து அந்தத் தளத்தையே மூடிவிட்டார்கள். அதற்கு அடுத்த மாதம் ஒரு இசை விழாவுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தால், படிவத்தில் ஒரு கட்டம்: ‘உங்களைப் பற்றி ஊடகங்களில் வந்தவை.’ வந்தது உண்மை. காட்டத்தான் கையில் ஒன்றும் இல்லை.

எனக்குக் கீபோர்டு வாசிக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், மேடையில் முப்பது வருடம் பார்த்தவர். அவரிடம் புலம்பினேன். “கட்டிங் வெச்சியாம்மா?” என்றார். எழுந்து போய் ஒரு ஃபைலை எடுத்து வந்தார். ஒவ்வொரு தாளிலும் ஒரு பேப்பர் கட்டிங், மேலே நீல மையில் பத்திரிகையின் பெயர், தேதி, பக்க எண். சிலது மூன்று வரிச் செய்தி. “இதைப் படிச்சுட்டு யாரும் என் கச்சேரிக்கு ஓடி வரலம்மா. இதைக் காட்டித்தான் அடுத்த கச்சேரி வாங்கினேன்” என்றார்.

எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். கட்டுரையைப் படித்தவர்களில் கொஞ்சம் பேர்தான் பாட்டைப் போய்க் கேட்பார்கள். அந்தக் கட்டுரையைப் பார்த்து உங்களை நம்ப வேண்டிய இன்னொரு கூட்டம் இருக்கிறது: விழா நடத்துபவர்கள், அரங்கம் வைத்திருப்பவர்கள், நிதி உதவி தருபவர்கள், அடுத்த நிருபர். அவர்கள் யாரும் அது வெளிவந்த அன்று அதைப் படித்திருக்க மாட்டார்கள். நாம்தான் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

வெளிவருவதற்கு முன்னால்

நிருபர் “அடுத்த வாரம் வருது” என்று சொன்னதும் நாம் செய்ய வேண்டிய வேலை லிங்க்கைச் சரிபார்ப்பது. ஒரே ஒரு லிங்க் கொடுங்கள். ஸ்பாட்டிஃபை, யூடியூப், பேண்ட்கேம்ப் எல்லாம் அதைத் திறந்தால் தெரிய வேண்டும். உங்கள் போனில் திறந்தால் போதாது, உங்களைப் பின்தொடராத யாருடைய போனிலாவது திறந்து பாருங்கள். பாட்டு அன்றைக்கு வெளியாகியிருக்குமா என்றும் பாருங்கள். பாட்டுக்கு இரண்டு வாரம் முன்னாலேயே விமர்சனம் வந்துவிட்டால் படித்தவர் கேட்க வழியே இல்லை. முன்கூட்டியே பாட்டை அனுப்பும்போது ‘இந்தத் தேதிக்கு முன் வெளியிட வேண்டாம்’ என்று முதல் மெயிலிலேயே எழுதிவிட்டால் பெரும்பாலும் மதிப்பார்கள். கடைசி நேரத்தில் கெஞ்சினால் எரிச்சல்தான் படுவார்கள்.

அடுத்தது பெயர். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது நமக்கே தனியாக ஒரு தலைவலி இருக்கிறது. கவிதா என்று ஒருத்தி இருந்தால், ‘தா’வுக்கு ஒரு ‘ஹெச்’ சேர்த்தும் எழுதலாம், சேர்க்காமலும் எழுதலாம். ஸ்பாட்டிஃபையில் ஒரு மாதிரி, யூடியூபில் இன்னொரு மாதிரி, நிருபர் காதில் விழுந்தபடி மூன்றாவது மாதிரி. தேடுகிறவர் வேறு யாரோ ஒரு கவிதாவின் பக்கத்தில் போய் நிற்பார். எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். அதை நிருபருக்கு வாயால் சொல்லாமல் எழுதி அனுப்புங்கள்.

படம் அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணமாகத் தட்டிவிடாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது டிரைவ் லிங்க் கொடுங்கள். நெடுக்குவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று. அச்சுக்கு என்றால் 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) கேட்பார்கள். படம் எடுத்தவரின் பெயரைக் கோப்பின் பெயரிலேயே போட்டுவிடுங்கள், பத்திரிகைக்குக் கொடுக்கலாமா என்று அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். படத்தில் இருப்பது நாம் என்பதால் படம் நம்முடையது ஆகிவிடாது.

வந்த அன்று

பகிர்வதற்கு முன் சேமியுங்கள். இதை நான் அழுது கற்றுக்கொண்டேன். பக்கத்தை பிடிஎஃப் ஆக்கி வையுங்கள், முழுப் பக்க ஸ்கிரீன்ஷாட் ஒன்று எடுங்கள். பிறகு இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் இண்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினுக்குப் போய், பக்கத்தைச் சேமிக்கும் கட்டத்தில் முகவரியை ஒட்டுங்கள். இண்டர்நெட் ஆர்கைவ் 1996-இல் தொடங்கிய லாப நோக்கமில்லாத அமைப்பு. வேபேக் மெஷினைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது 2001-இல். அங்கே சேமித்ததற்குத் தேதியோடு ஒரு நிரந்தர முகவரி கிடைக்கும், மூலத் தளம் செத்துப்போனாலும் அதைக் காட்டலாம். சந்தா கட்டினால்தான் படிக்க முடியும் என்கிற தளங்களில் மட்டும் இது ஒழுங்காக வேலை செய்யாது. அங்கே பிடிஎஃப்தான் கதி.

அச்சில் வந்தால் கட்டுரையை மட்டும் கத்தரிக்காமல், பத்திரிகையின் பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி முழுப் பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். அண்ணனின் நீல மைக்கு அர்த்தம் அதுதான். வானொலிப் பேட்டி என்றால் ஒலிப்பதிவு கிடைக்குமா என்று அன்றே கேளுங்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் தேட யாருக்கும் நேரம் இருக்காது.

எழுதியவருக்கு நன்றி சொல்லுங்கள், இரண்டு வரி போதும். கட்டுரையில் எந்த இடம் உங்களுக்குப் பிடித்தது என்று ஒன்றைக் குறிப்பிட்டால் படித்துவிட்டுத்தான் எழுதுகிறீர்கள் என்று தெரியும். அதே மெயிலில் “அடுத்த பாட்டும் வருது, எழுதுவீங்களா?” என்று தொடங்காதீர்கள்.

தவறு இருந்தால்? தகவல் பிழையைத் திருத்தச் சொல்லலாம், அபிப்பிராயத்தை விட்டுவிட வேண்டும். ஒரு விமர்சனத்தில் என் தோழி பாடிய பல்லவியை நான் பாடியதாக எழுதியிருந்தார்கள். உடனே சொன்னேன், அன்று மாலையே மாற்றினார்கள். இன்னொன்றில் என் வயலின் ‘சளி பிடித்த மாதிரி’ கேட்கிறது என்று இருந்தது. அதற்கு நான் என்ன மறுப்பு எழுத முடியும்? மிஞ்சிப்போனால் வயலினுக்கு ஆவி பிடிக்கலாம்.

ஒரு வரியைத் தோண்டி எடுப்பது

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். உங்கள் ஆல்பத்தைப் பற்றி இப்படி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

‘இனிமையான ஆல்பம். பாடல் வரிகளில் இன்னும் உழைத்திருக்கலாம். ஆனால் மூன்றாவது பாட்டில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஒதுங்கி, வயலின் மட்டும் தனியாக நிற்கும் நாற்பது விநாடிக்காகவே இதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.’

கை தானாக ‘இனிமையான ஆல்பம்’ என்பதற்குத்தான் போகும். அது எந்த ஆல்பத்துக்கும் பொருந்தும் என்பதால் யாருக்கும் எதுவும் சொல்லாது. எடுக்க வேண்டியது அந்த நாற்பது விநாடி. ‘வயலின் மட்டும் தனியாக நிற்கும் நாற்பது விநாடிக்காகவே இதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்’, கீழே பத்திரிகையின் பெயர். படிக்கிற யாருக்கும் அந்த நாற்பது விநாடி என்னவென்று கேட்கத் தோன்றும். எனவே அதைக் கேட்க வையுங்கள்: அந்தத் துண்டை மட்டும் வெட்டி, வாசிக்கும் கையைப் பக்கத்தில் இருந்து எடுத்த வீடியோவோடு, மேலே அந்த வரியைப் போட்டு ஒரு ரீல். விமர்சகர் உங்களுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுத்த விஷயம் அது. பாட்டின் எந்த இடத்தில் அந்நியர் ஒருவரின் காது நிற்கிறது என்பது நமக்கே தெரியாது, நாம் அதை முந்நூறு தடவை கேட்டுச் சலித்திருப்போம்.

வரியை எடுப்பதில் ஒரு நேர்மை வேண்டும். மேலே உள்ளதில் வரிகளைப் பற்றிய குறையை விட்டுவிட்டு வயலினைப் பற்றியதை எடுப்பது நியாயம், எழுதியவர் வயலினைப் பாராட்டியது நிஜம். ‘சிறப்பாக இருந்திருக்கலாம்’ என்பதில் ‘சிறப்பாக’வை மட்டும் பிய்த்துப் போஸ்டரில் போடுவது மோசடி. எழுதியவர் கண்ணில் பட்டால் அத்தோடு அந்த உறவு முடிந்தது. முழுக் கட்டுரையையும் காப்பி அடித்து உங்கள் தளத்தில் போடுவதும் கூடாது. உங்களைப் பற்றி எழுதியது என்றாலும் உரிமை எழுதியவருக்கோ பத்திரிகைக்கோதான். ஒரு வரி, பெயர், லிங்க். அவ்வளவே.

எங்கே வைப்பது

ஒரே நாளில் எல்லா இடத்திலும் கொட்டாதீர்கள். முதல் நாள் லிங்க், நாலு நாள் கழித்து ரீல், அடுத்த மாதம் கச்சேரி அறிவிப்பில் அதே வரி. இன்ஸ்டாகிராம் பயோவில் 150 எழுத்துதான், அதில் ஒரு துண்டு நுழைந்தால் நுழையட்டும். ஸ்டோரியை ஹைலைட்டில் சேர்க்க மறக்காதீர்கள், நான் மறந்தேன். ஸ்பாட்டிஃபை அறிமுகத்தில் 1,500 எழுத்து வரை இடம் இருக்கிறது. நீங்கள் பிறந்தது, மூன்று வயதில் தாளம் போட்டது எல்லாம் அங்கே வேண்டாம், அந்த வரி முதலில் வரட்டும்.

அடுத்த பாட்டை ஸ்பாட்டிஃபையில் பிளேலிஸ்ட் தொகுக்கும் எடிட்டர்களுக்கு அனுப்பும் படிவத்தில் 500 எழுத்துதான் கிடைக்கும். அதில் ‘முந்தைய ஆல்பத்தைப் பற்றி இன்ன பத்திரிகை எழுதியது’ என்று ஒரு வாக்கியம் சேருங்கள். வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னால் அனுப்பினால் உங்களைப் பின்தொடர்பவர்களுக்குப் புதுப் பாட்டுகளைக் காட்டும் ‘ரிலீஸ் ராடார்’ பட்டியலுக்கு அந்தப் பாட்டு போகும். பிளேலிஸ்ட்டில் எடுப்பார்களா என்பது வேறு விஷயம். நான் ஒரு மாதம் முன்னாலேயே அனுப்பிவிடுகிறேன்.

அரங்கங்களுக்கு நான் எழுதும் மெயில் ஐந்து வரியைத் தாண்டாது. யார், என்ன வாசிக்கிறேன், ஒரு வரி மேற்கோளும் அதன் லிங்க்கும், ஒரு பாட்டு, எந்த வாரம் காலியாக இருக்கிறேன். ஆறு கட்டிங்கை அட்டாச் பண்ணி அனுப்பிய காலத்தில் பதிலே வராது. இப்போது மூன்றில் ஒருவராவது பதில் போடுகிறார், ‘இந்த முறை முடியாது’ என்றாவது.

காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை நானும் கொடுத்தேன். நான் அனுப்பிய குறிப்பையே வார்த்தை மாறாமல் போட்டு, மேலே ‘விளம்பரப் பகுதி’ என்று ஒரு பட்டையும் ஒட்டினார்கள். பட்டை போட்டது அவர்கள் நேர்மை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை நம்பிக்கைக்குச் சான்றாக யாரிடமும் காட்ட முடியவில்லை. விழா நடத்துகிறவர்களுக்கு இந்தப் பட்டை தூரத்திலிருந்தே தெரியும்.

“இத்தனை வந்தாச்சே, விக்கிப்பீடியாவில் போட்டுடலாமா?” என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். நம்மைப் பற்றி நாமே எழுதுவதை அங்கே விரும்ப மாட்டார்கள். நம் வாயிலிருந்து வந்த பேட்டியும், நம் அறிக்கையை அப்படியே போட்ட செய்தியும் சுயாதீனமான சான்றாக எடுபடாது. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

எந்தக் கட்டுரை ஆட்களைக் கூட்டி வந்தது என்று தெரிய வேண்டுமானால், யூடியூப் ஸ்டுடியோவில் ‘வெளியிலிருந்து வந்தவை’ என்ற பகுதியைப் பாருங்கள், எந்தத் தளத்திலிருந்து எத்தனை பேர் என்று இருக்கும். எனக்கு அதிகம் பேரைக் கொண்டுவந்தது பெரிய பத்திரிகை இல்லை, வயலின் மட்டுமே பேசும் ஒரு சின்னத் தளம். அங்கே வருகிறவர்கள் பாட்டை முழுசாகக் கேட்கிறார்கள். அடுத்த ஆல்பத்தை முதலில் அந்தத் தளத்துக்குத்தான் அனுப்பினேன்.

இப்போது என்னிடமும் ஒரு ஃபோல்டர் இருக்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் தேதி, பத்திரிகை, பாட்டு என்ற வரிசையில் பெயர். நல்லது கெட்டது எல்லாம் அதற்குள் உண்டு. அந்தச் சளி பிடித்த வயலின் விமர்சனத்தைத்தான் அதிகம் பயன்படுத்துகிறேன் என்று நினைக்கிறேன். மேடையில் சுருதி சேர்க்க நேரமாகும்போது மைக்கில் அதை வாசித்துக் காட்டுவேன். கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் நாலு தந்தியும் சேர்ந்துவிடும்.